வா என்று கூப்பிட்ட பெட்டி

மார்ச் முதலாம் திகதி காலை ஒன்பது மணிக்கு, கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிவீட்டின் இரண்டாம் தட்டில், சாப்பாட்டு மேசையை இனி எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சபையில் இருந்தவர் பற்றிக் மட்டும். முன்மொழிந்தவரும் அவர், வழிமொழிந்தவரும் அவர். எதிர்த்து வாக்களிக்கக்கூடிய ஒரே ஆள் அவருடைய மனைவி மாக்ரெட். அவர் மீன் வாங்கப் போயிருந்தார்.

எந்த நேரத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்பது பற்றிக்குக்குத் தெரியும். துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன்களுக்கு மின்சார வேலை செய்தவர். அதில் பத்தொன்பது வருடம் சங்கத்தின் கிளைச் செயலாளர். ஏழு துண்டுப்பிரசுரம், மூன்று இடமாற்றம், ஒரு இடைநிறுத்தம். அவருடைய பிரசுரத்தைப் படித்து வேலைநிறுத்தம் செய்தவர்கள் பிறகு மேற்பார்வையாளர் ஆனார்கள். அவரோடு சுவரொட்டி ஒட்டியவர்கள் அமைச்சர்மாரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். பசை வாளி தூக்கியவர் மட்டும் பசை வாளியோடேயே ஓய்வு பெற்றார். சங்கம் இப்போது மூன்றாக உடைந்து கிடக்கிறது. மூன்று துண்டில் ஒரு துண்டுகூட அவருக்கு நத்தார் வாழ்த்து அனுப்புவதில்லை.

ஆனால் மேசையில் புரட்சி இருந்தது. அப்படித்தான் பற்றிக் சொன்னார். மற்றவர்களுக்கு அது வயர்க் குவியலாகத் தெரிந்தது.

மொடியூலர் சிந்தசைசர் என்பது ஒரு வாத்தியம். ஆனால் ஒரு பெட்டியல்ல, பல பெட்டிகள். ஒன்று சத்தத்தைப் பிறப்பிக்கும். ஒன்று அதைச் சீவும். ஒன்று கூட்டிக் குறைக்கும். தனியாக எந்தப் பெட்டியும் ஒன்றுக்கும் உதவாது. வயர் கொடுத்து ஒன்றையொன்று இணைத்தால்தான் பாட்டு. மேலே உட்கார்ந்து அதிகாரம் செய்ய ஒரு விசைப்பலகைகூடத் தேவையில்லை. வெள்ளவத்தையில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் அபிஷன், ஒலியைப் பெருக்கும் அம்ப் ஒன்றைப் பற்றிக்கிடம் திருத்தக் கொண்டுவந்த ஒரு நாள் இதை விளக்கியபோது பற்றிக்கின் கண் கலங்கிவிட்டது. ஒரு வாழ்நாள் முழுவதும் அவர் தொழிலாளருக்குச் சொன்னது இதைத்தான். பெட்டிகளுக்கு விளங்கியிருக்கிறது.

அதே நாள் அபிஷனின் கண்ணில் பட்டது ஒரு பழைய பெடல். இளவயதில் பற்றிக் கலியாண வீடுகளில் கிட்டார் வாசித்த காலத்தில், ஒரு இத்தாலியக் கப்பலின் சமையல்காரனிடம் வாங்கியது. கிட்டாருக்கும் அம்ப்புக்கும் நடுவே அதைப் போட்டுக் காலால் மிதித்தால், கிட்டார் வாயைத் திறந்து மூடும். வா, வா என்று கேட்கும். வெள்ளைக்காரனும் அதற்கு வா-வா பெடல் என்றுதான் பெயர் வைத்தான். அர்த்தம் தெரியாமல் வைத்தான். ஒரு தமிழ்ச் சொல்லை உலகம் முழுவதும் ஐம்பது வருடத்துக்கு மேலாகக் காலால் மிதித்துக்கொண்டிருக்கிறார்கள், இதுவரை ஒருவரும் ஒரு கண்டன அறிக்கை விடவில்லை என்று பற்றிக் அபிஷனிடம் சொன்னார்.

அபிஷன் சிரித்தான். பிறகு சிரிக்காமல் ஒன்று சொன்னான். அந்தப் பெடலின் குணத்தை ஒரு மொடியூல் பெட்டிக்குள் கொண்டுவர முடியுமானால், கால் இல்லாமல், கம்பியைச் சுண்டும் பலத்துக்கு ஏற்ப அது தானாக வாயைத் திறக்குமானால், உண்மையாகவே ‘வா’ என்று சொல்லுமானால், நாலு பெட்டி எடுப்பான். குருத்து ஞாயிறுக்கு முதல்நாள் சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து கேட்பான்.

ஓய்வு பெற்ற பிறகு பற்றிக்கிடம் யாரும் எதையும் புதிதாகச் செய்து தரச்சொல்லிக் கேட்டதில்லை. மின்குமிழ் மாற்றச்சொல்லிக் கேட்டதுண்டு. அது வேறு. அன்று முதல் மேசை போயிற்று.

பெடலின் சுருளைக் கழற்றி மொடியூலுக்குள் வைத்தார். காலின் வேலையை மின்னழுத்தத்திடம் கொடுத்தார். அதற்கு முன்னால், சத்தத்துக்குக் கொஞ்சம் கரகரப்பு ஏற்ற, ஒரு பழைய வானொலிக்குள் கிடந்த இரண்டு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களை வைத்தார். அந்தக் கரகரப்புக்குப் பெடல்காரர் வைத்திருக்கும் பெயர் ஃபஸ். கொட்டாஞ்சேனை வாய்க்கு அது பஸ்.

கீழ்த்தட்டில் தொலைபேசி திருத்தும் கடை வைத்திருந்த சப்ரியிடம் ஈயக்கம்பி கடன் கேட்கப் போனபோது, மேலே ஒரு பஸ் செய்துகொண்டிருப்பதாகப் பற்றிக் சொல்லிவிட்டார். சப்ரி கொஞ்ச நேரம் மேல்தட்டைப் பார்த்தான்.

“ரூட் பேமிட் எடுத்தாச்சா அண்ணன்?”

“இது ஓடுற பஸ் இல்லை சப்ரி. கேக்கிற பஸ்.”

“எல்லா பஸ்ஸும் கேக்குதுதான்,” என்றான் சப்ரி. “மட்டக்குளி பஸ் எனக்கு இங்க இருந்தே கேக்குது.”

மாக்ரெட் பத்து நாள் பொறுத்தார். மடியில் சோற்றுக் கோப்பையை வைத்துச் சாப்பிட்டார். பதினோராம் நாள் உயிர்த்த ஞாயிறின் கதையை எடுத்தார். தங்கச்சி றோஸி வெள்ளவத்தையிலிருந்து குடும்பத்தோடு வருவாள், ஒன்பது பேர், மதியச் சாப்பாடு.

“சாப்பாட்டை எங்க வைக்கிறது? உங்கட தலையிலயா?”

“மாக்ரெட், இது வெறும் மேசையில்லை. உற்பத்திச் சாதனம்.”

“நானும் உற்பத்திதான் செய்யிறன். மூண்டு நேரம்.”

நாளைக்குப் பேசலாம் என்றார் பற்றிக். பேச்சுவார்த்தையை இழுத்தடிப்பதும் ஒரு பதில்தான். மறுநாள் காலை, ஈயக்கம்பிக்கும் வயர்க் குவியலுக்கும் நடுவே மாக்ரெட்டின் தட்டச்சுக் கடிதம் ஒன்று கிடந்தது. தலைப்பு நடுவில், கீழே கோடு. கோரிக்கை முதல் பந்தியில், காரணம் இரண்டாவதில், எச்சரிக்கை மூன்றாவதில். பற்றிக்குக்குக் கோபத்தைவிடப் பெருமைதான் முதலில் வந்தது. அது அவருடைய பாணி.

அவருடைய பாணி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஏழு பிரசுரத்தையும் ஸ்டென்சிலில் தட்டச்சுச் செய்தவர் மாக்ரெட். எழுத்துப்பிழையை மட்டுமல்ல, வாதத்தில் இருந்த ஓட்டைகளையும் அவர் போகிறபோக்கில் அடைத்துவிடுவார். பற்றிக் இதை எந்தக் கூட்டத்திலும் குறிப்பிட்டதில்லை.

ஒப்பந்தம் எழுதலாம் என்றார் பற்றிக். எழுதலாம் என்றார் மாக்ரெட். பற்றிக் தன் வாழ்க்கையில் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்ட எதிர்த்தரப்பைக் கண்டதில்லை. அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வேலை முடியும்வரை மேசை பற்றிக் வசம் இருக்கும் என்றது முதலாம் பிரிவு. வீட்டில் இருந்த ஒரே மேசைவிசிறி இருவருக்கும் பொது என்றது இரண்டாவது. பற்றிக் மூன்றாம் பிரிவைத் தன் கையாலேயே எழுதினார்: ‘இயந்திரமானது வா என்று அழைத்து, அழைக்கப்பட்ட ஆள் வந்து சேருமிடத்து, வேலை பூர்த்தியானதாகக் கொள்ளப்பட்டு மேசை மாக்ரெட்டிடம் ஒப்படைக்கப்படும்.’

“அழைக்கப்பட்ட ஆள் எண்டால் ஆர்?” என்று மாக்ரெட் கேட்டார்.

“ஆரெண்டாலும்.”

“அதையும் எழுதுங்கோ.”

‘யாராயினும்’ என்று பற்றிக் எழுதினார். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு எழுதினார். பெட்டி வா என்று சொல்லிவிடும், இன்றோ நாளையோ. ஆனால் ஒரு பெட்டி கூப்பிட்டு எந்த மனிதன் வரப்போகிறான்? மனிதர் கூப்பிட்டே மே தினத்துக்கு ஆள் வருவதில்லை. மேசை நத்தார்வரை தன்னுடையது. நிர்வாகம் தனக்குச் செய்த வித்தையை, வாழ்க்கையில் முதன்முறையாக, நிர்வாகத்தின் கதிரையில் இருந்துகொண்டு தான் செய்துவிட்டதாக அவர் நினைத்தார். அந்தக் கதிரை சொகுசாகத்தான் இருந்தது.

கெடுத்தது வெயில்.

ஜெர்மேனியம் பழைய காலத்துச் சரக்கு. சூடு ஏறினால் அதன் குணம் மாறும். காலை ஆறு மணிக்குப் பெட்டி கனிவாக ‘வா’ என்று சொல்லும். பத்து மணிக்குத் தொண்டை கட்டும். பகல் ஒரு மணிக்கு, தகரமும் சீமெந்தும் கொதிக்கிற நேரத்தில், தொடக்கத்தில் ஒரு வெடிப்பு விழுந்து, வாய் பாதியில் நின்று, ‘போ’ என்று சொல்லும். பற்றிக் மேசைவிசிறியைப் பெட்டியின் பக்கம் திருப்பினார். இரண்டாம் பிரிவு அன்றே மீறப்பட்டது. மாக்ரெட் ஒரு பழைய சங்கப் பிரசுரத்தால் விசிறிக்கொண்டார்.

சனிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை பகல், சோறும் சூரை மீன் குழம்புமாக மாக்ரெட் வாசலுக்கு வந்த நேரம் பற்றிக் தன் பழைய கிட்டாரின் கம்பியைச் சுண்டினார்.

‘போ’ என்றது பெட்டி.

மாக்ரெட் நின்றார். வெயில் என்றார் பற்றிக். மறுபடி சுண்டினார். ‘போ.’ கரகரப்பைக் குறைக்கிறேன் என்று நினைத்துக் குமிழைத் தவறான பக்கம் திருப்பினார். மூன்றாவது ‘போ’ கீழ்த்தட்டில் சப்ரிக்கும் கேட்டது.

மாக்ரெட் கோப்பையை மேசைவிசிறியின் முன்னால் வைத்தார். பெட்டிக்கும் காற்று நின்றது.

“முப்பத்தாறு வருசத்தில நீங்கள் ஒருநாளும் என்னைப் போ எண்டு சொன்னதில்லை. அதைச் சொல்ல ஒரு மெஷின் செய்து வச்சிருக்கிறீங்கள்.”

“அது வா எண்டுதான் சொல்லப் பாக்குது மாக்ரெட். வெயிலுக்கு…”

“ஒருக்கா சொன்னால் வெயில். மூண்டு தரம் சொல்லிப்போட்டுது.”

பையில் நாலு சேலையை அடுக்கினார். கைப்பையைத் திறந்து எதையோ சரிபார்த்து மூடினார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினார். “றோஸி வீட்டை போறன். கூப்பிட்டால் வருவன்.”

வெளிநடப்பு. பற்றிக் கலங்கவில்லை. எத்தனை வெளிநடப்பைக் கண்டவர். ‘முதலில் கூப்பிடுகிறவன் முதலில் தோற்றவன்’ என்று தன் நாலாவது பிரசுரத்திலேயே எழுதியிருந்தார். அந்த வரியைத் தட்டச்சுச் செய்தவரும் மாக்ரெட்தான்.

செவ்வாய் இரவு மீதிக் குழம்பு. புதன்கிழமை பாணும் பருப்பும். வியாழக்கிழமை பாணும் சம்பலும். வெள்ளிக்கிழமை பாண். தவக்காலமானதால் பட்டினிக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது. பங்குத்தந்தை வழியில் கண்டு, பற்றிக் கடைசியில் விசுவாசத்துக்குத் திரும்பிவிட்டார் என்று சந்தோசப்பட்டார். சப்ரி படியில் மறித்து, அக்கா ஊட்ல இல்லையா என்று கேட்டான். இல்லை என்றார் பற்றிக்.

“பஸ்ஸால போயிட்டாவா?”

பற்றிக் அவனைப் பார்த்தார். “ஓம்,” என்றார். “பஸ்ஸாலதான்.”

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே பெட்டிக்குத் தொண்டை கட்டிவிட்டது. அபிஷன் வருவது நாலு மணிக்கு, வெயில் தணியாத நேரம். பெட்டி அவனைப் பார்த்துப் போ என்று சொன்னால் அவன் போய்விடுவான், பிறகு வேறு யாரும் வரப்போவதில்லை. பற்றிக்குக்குப் பசியும் எடுத்தது. தின்ன ஏதாவது இருக்குமோ என்று பிரிட்ஜைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத அந்தக் குளிர் முகத்தில் பட்டபோதுதான் யோசனை வந்தது.

பெட்டியை முட்டைத் தட்டுக்குக் கீழே வைத்தார். வயர்கள் கதவிடுக்கால் வெளியே வந்து மேசைக்கு ஓடின. அரை மணி நேரம் பொறுத்தார். வாய் திறக்கும் வேகத்தைக் கொஞ்சம் மெதுவாக்க ஒரு கப்பாசிட்டரை மாற்றிப்போட்டார். கம்பியைச் சுண்டினார்.

‘வா’ என்றது பெட்டி. பிரிட்ஜுக்குள் இருந்து, குளிர்ந்த குரலில், யாரோ உண்மையாகவே அன்பாகக் கூப்பிடுவதுபோல.

பற்றிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்தடுத்து ஏழெட்டுத் தரம் சுண்டினார். ஏழெட்டுத் தரமும் வா. அந்தச் சொல்லை அந்த வீட்டில் கேட்க வேறு யாரும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அடுத்த யோசனை அதிலிருந்து பிறந்தது. கூப்பிடமாட்டேன் என்பது கொள்கை. ஆனால் கொள்கை பற்றிக்குக்கு. பெட்டிக்குக் கொள்கை கிடையாது.

மூன்றாம் பிரிவு அவருக்கு ஞாபகம் வரவில்லை. மூன்று நாள் பாண் தின்றவனுக்கு ஒப்பந்தத்தின் பிரிவு ஞாபகம் வராது, மனைவியின் பிரிவுதான் ஞாபகம் வரும்.

மூன்று மணிக்கு மாக்ரெட்டின் தொலைபேசிக்கு எடுத்தார். அந்தப் பக்கம் ஹலோ என்று கேட்டது. பற்றிக் வாயைத் திறக்கவில்லை. தொலைபேசியை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் சுண்டினார். ‘வா.’ அந்தப் பக்கம் கடற்கரையோரம் ரயில் ஒன்று போய் முடிந்தது. ‘வா… வா.’

“சரி,” என்றார் மாக்ரெட். வைத்துவிட்டார்.

நாலு மணிக்கு அபிஷன் வந்தான். வயரைப் பிடித்துக்கொண்டே போய் பிரிட்ஜின் முன்னால் நின்றான். ஏன் உள்ளே என்று கேட்டான். ஜெர்மேனியம் என்றார் பற்றிக். தன் இடத்தில் ஏசி இருக்கிறது, பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அவன் ஹெட்போனை மாட்டினான். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டான். பற்றிக் அவனுடைய புருவத்தைப் பார்த்தபடி இருந்தார். நிர்வாகத்தின் பதிலுக்காகக் கதவுக்கு வெளியே நின்ற நாட்களில்கூட அவர் அப்படி ஒருவரின் புருவத்தைப் பார்த்ததில்லை.

“நல்லாயிருக்கு அண்ணை. அந்தப் பழைய பெடலின்ர ஈரம் அப்பிடியே இருக்கு.” ஹெட்போனைக் கழற்றினான். “ஆனா ஒண்டு. வா எண்டு சொல்லும் எண்டு நீங்கள் முதலே சொல்லிப்போட்டீங்கள். அதால எனக்கு அப்பிடிக் கேக்குதோ தெரியேல்லை. ஒண்டும் சொல்லாமல் வேற ஆருக்காவது கேக்கவேணும்.”

அந்த நேரம் கீழே ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. படியில் செருப்புச் சத்தம். கதவு திறந்தது. மாக்ரெட், ஒரு கையில் உடுப்புப் பை, மறுகையில் கைப்பையும் ஒரு கடைப்பையும்.

பற்றிக் எழுந்து நின்றார். குரலில் பழைய மேடை திரும்பி வந்தது. “தம்பி, இவ வெள்ளவத்தையில இருந்து வாறா. மூண்டு மணிக்கு இந்த மெஷின்தான் இவவைக் கூப்பிட்டது. நான் ஒரு சொல் பேசேல்லை. கேட்டுப் பாரும்.”

“ஓமா அக்கா?”

“ஓம் தம்பி,” என்றார் மாக்ரெட். “அவர் வாயே திறக்கேல்லை. மெஷின் சொன்னதுதான். கேட்ட உடன வெளிக்கிட்டனான்.”

அபிஷன் பற்றிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினான். நாலு என்றான். கனடாவில் ஒரு சிநேகிதனுக்குச் சேர்த்து ஐந்தாகவும் இருக்கலாம் என்றான். பற்றிக்குக்கு நெஞ்சு நிறைந்தது. ஏழு பிரசுரத்தையும் கேட்காத உலகம் ஒரு பெட்டியைக் கேட்டுவிட்டது.

மாக்ரெட் கைப்பையைத் திறந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். ஒரு பேனையும் எடுத்தார்.

“மூண்டாம் பிரிவு,” என்றார். “மெஷின் கூப்பிட்டு நான் வந்தனானோ, இல்லையோ? நீங்களே சொல்லுங்கோ. தம்பியும் சாட்சிக்கு நிக்கிறார்.”

பற்றிக் தாளைப் பார்த்தார். அவருடைய கையெழுத்துத்தான். ‘யாராயினும்’ என்ற சொல்லும் அவருடையதுதான், அழகாக எழுதியிருந்தார். இல்லை, மெஷின் கூப்பிடவில்லை என்று சொன்னால் மேசை மிஞ்சும், பெட்டி போகும், அபிஷனும் போவான். ஓம் என்று சொன்னால் பெட்டி மிஞ்சும், மேசை போகும். அப்படி ஒரு பிரிவை எழுத நிர்வாகத்தின் சட்டத்தரணிகளுக்குக்கூட இத்தனை வருடத்தில் முடிந்ததில்லை.

“கூப்பிட்டது,” என்றார். கையெழுத்துப் போட்டார்.

அபிஷனே மேசையை ஒதுக்க உதவினான். வயர்களும் ஈயக்கம்பியும் மின்சார ஸ்திரிக்கை போடும் பலகைக்குப் போயின. உற்பத்தி இனி அங்கே, அதுவும் உடுப்பு மினுக்காத நாட்களில். பெட்டியைத் துவாயில் சுற்றி அபிஷன் கொண்டுபோனான். அவனுடைய காலடி படியில் இறங்கி மறைந்தது. மாக்ரெட் மேசையை ஈரத்துணியால் துடைத்தார். அதன் நிறம் என்ன என்பது பற்றிக்குக்கு மறந்தே போயிருந்தது.

தோற்றாலும் அவருக்கு ஒரு ஆசை இருந்தது. தன் வேலையைப் பற்றி ஒரு நல்ல சொல் கேட்க வேண்டும்.

“மாக்ரெட், அந்த வா… உமக்குத் தெளிவாக் கேட்டதோ?”

“வாவோ?” என்றார் மாக்ரெட். கடைப்பையை மேசையில் கவிழ்த்தார். இரண்டு கிலோ கோதுமை மா. “எனக்கு மா, மா எண்டெல்லோ கேட்டது. வீட்டில மா முடிஞ்சுபோச்சாக்கும், மனுசன் பட்டினியாக்கும் எண்டு வாங்கிக்கொண்டு ஓடிவந்தனான். வா எண்டு கூப்பிட்டால் நான் வருவனா? நீங்கள் என்னை வாரும் எண்டல்லோ கூப்பிடுறனீங்கள்.”

பற்றிக்கின் முகத்தில் நாலு நாளுக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. துள்ளி எழுந்தார். அப்படியானால் மெஷின் வா என்று அழைக்கவில்லை. அழைக்கவில்லையென்றால் மூன்றாம் பிரிவு செல்லாது. மேசையைத் திருப்பித் தர வேண்டும் என்றார்.

“ஓம், செல்லாதுதான்,” என்றார் மாக்ரெட். “தம்பி இன்னும் சந்திக்குப் போயிருக்கமாட்டார். ஓடிப்போய், மெஷின் மா எண்டுதான் சொல்லுது எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. நான் ஒப்பந்தத்தைக் கிழிக்கிறன்.”

பற்றிக் சன்னலால் சந்தியைப் பார்த்தார். பிறகு குசினிக்குப் போய், மா அரிக்க அரிதட்டை எடுத்து வந்தார்.